விரிசல் விழுந்த குழல்

ஏசி அறையில் இரண்டு நாள் கிடந்த புல்லாங்குழல், ஊதும் துளைக்குச் சற்றுக் கீழே விரிசல் விட்டிருந்தது. மூங்கில் நார்ப்போக்கில்தான் பிளக்கும். நல்லவேளை, எட்டு விரல் துளைகளுக்கும் சேதமில்லை. ஆனால் காற்று கசிந்து, மந்தர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயி 'ப', வெறும் 'புஸ்'.

மாலை ஆறு மணிக்குக் கச்சேரி. முதலில் செலோடேப் ஒட்டினேன். மூச்சின் ஈரத்துக்கும் கை வியர்வைக்கும் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அப்புறம் தேன்மெழுகை இளக்கி விரிசலில் தேய்த்து, மிச்சத்தைத் தையல் நூலில் பூசி, சுற்றுக்குச் சுற்று இடைவெளி விடாமல் இறுக்கிக் கட்டினேன். மெழுகு நூலை வழுக்க விடாது. எண்ணெய் மட்டும் அதற்கு முன் தடவிவிடாதீர்கள், மெழுகு பிடிக்காது. ஃபெவிக்விக் பக்கம் நான் போகவில்லை. நாளை குழல் செய்பவரிடம் யார் திட்டு வாங்குவது?

பஞ்சமம் வந்துவிட்டது. பார்க்கத்தான் கைக்கட்டுப் போட்ட ஆள் மாதிரி இருக்கிறது.