ஜூலிக்கு வந்தது எந்தக் கட்டி?

தளிப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கும் ஒருவர், தன் செயின்ட் பெர்னார்டு நாயை ஓசூரில் என் கிளினிக்குக் கூட்டி வந்தார். பெயர் ஜூலி, ஒன்றரை வயது. "ஒண்ணுக்குப் போறப்ப ரொம்ப முக்குறா டாக்டரம்மா. ரத்தமும் வருது. ஆன்டிபயாடிக் கொடுத்தா நிக்குது, விட்டா மறுபடி ஆரம்பிக்குது" என்றார்.

எங்கள் ஊர்ப்பக்கம் நாயின் சிறுநீர் சிவந்தாலே உண்ணிக் காய்ச்சல் என்றுதான் முதலில் நினைப்பார்கள். நினைப்பதிலும் தப்பில்லை. பேபீசியா கிருமி சிவப்பணுக்களை உடைத்தால் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். இதைப் பிரித்தறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சிறுநீரை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றவிட்டால் போதும். ரத்தக்கசிவு என்றால் அணுக்கள் அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். உடைந்த அணுக்களின் நிறம் என்றால் தெளியாது. ஜூலியுடையது தெளிந்தது. அப்புறம் ஸ்கேன் பார்த்தேன். மூத்திரப்பையின் கழுத்துப் பகுதியில் திராட்சைக் குலை மாதிரி ஒரு கட்டி. கட்டி இருக்கும் இடத்தில் கிருமியும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் மருந்து கொடுத்ததும் கொஞ்ச நாள் நின்றிருக்கிறது.

நாய்களின் மூத்திரப்பையில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் அதன் உள்சவ்வில் தொடங்கும் யூரோதீலியல் கார்சினோமாதான். அது வயதான நாய்களின் நோய். ஸ்காட்டிஷ் டெரியர் இனத்துக்கு மற்ற நாய்களைவிடச் சுமார் 20 மடங்கு ஆபத்து. ஒன்றரை வயது ஜூலி அந்தக் கணக்கில் வரவில்லை. இளம் வயதில், பெரிய உடம்புள்ள இனங்களில், ராப்டோமயோசார்கோமா என்ற தசைக் கட்டி மிக அரிதாக வரும். செயின்ட் பெர்னார்டில் அது பதிவாகியிருக்கிறது. ஜூலியின் கால்களும் தடித்திருந்தன. "வளர்ற வயசுதானே" என்று அவர் விட்டிருந்தார். எக்ஸ்ரேயில் எலும்பின் மேல் புது எலும்பு படிந்திருந்தது தெரிந்தது. உடம்பில் வேறெங்கோ கட்டி இருக்கும்போது கால் எலும்பு இப்படித் தடிப்பதுண்டு.

அந்த நிமிடமே "கேன்சர்" என்று சொல்லியிருக்கலாம், ஆனால் நான் சொல்லவில்லை. நாள்பட்ட அழற்சியால் வரும் பாலிப் என்ற சதை வளர்ச்சியும் ஸ்கேனில் இதே மாதிரி தெரியும். அது புற்றுநோயே அல்ல. திசுவைப் பார்க்காமல் ஒரு நாயின் ஆயுளைத் தீர்மானிக்க எனக்கு மனம் ஒப்பாது.

வயிற்றில் ஊசி குத்தி எடுக்கவில்லை. கார்சினோமாவாக இருந்தால் ஊசி போன வழியிலேயே செல்கள் விழுந்து அங்கேயும் கட்டி முளைக்கக்கூடும். மயக்கம் கொடுத்து, சிறுநீர்க் குழாய் வழியாகக் கேத்தீட்டர் செலுத்தி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்ல உறிஞ்சித் துணுக்குகள் எடுத்தேன். ஃபார்மலினில் போட்டு, பெங்களூரு ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

சிறுநீரை வைத்தே செய்யும் பிராஃப் மரபணுச் சோதனை ஒன்று உண்டு. கார்சினோமாக்களில் சுமார் 80 சதவீதத்தில் அந்த மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருக்கும். வயதான நாய் என்றால் நான் முதலில் அதைத்தான் கேட்பேன். ஆனால் அதில் 'இல்லை' என்று வந்தால் கட்டியே இல்லை என்று அர்த்தமில்லை. தசைக் கட்டியை அது காட்டவும் செய்யாது.

முடிவு வந்தது. டெஸ்மின் என்ற தசைப் புரதத்துக்கான சாயம் கட்டியின் செல்களில் ஏறியிருந்தது. ராப்டோமயோசார்கோமாதான். கெட்ட செய்தி, பரவக்கூடிய வகை. அதை அவரிடம் மறைக்கவில்லை. ஆனாலும் இனி என்ன செய்வது என்பது தெளிவாகிவிட்டது. கார்சினோமாவாக இருந்தால் பைராக்சிகாம் கொடுத்து ஓரளவு நாள் நிம்மதியாக வைத்திருந்திருப்போம். இதற்கு, முடிந்த அளவு வெட்டி எடுத்துவிட்டுக் கீமோ தருவதுதான் வழி. "செஞ்சிடலாம் டாக்டரம்மா" என்றார் அவர்.

உங்கள் நாய்க்கும் ரத்தம் நின்று நின்று வந்தால், அடுத்த முறை மாத்திரையை ஆரம்பிக்கும் முன் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிதாகப் பிடித்த சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் எடுத்துப் போங்கள்.