வின்டோஸ் 11-க்கு வின்டோஸ் 7 முகம்

எனக்கு வின்டோஸ் 7 மீது தனிப் பிரியம் உண்டு. அதற்காக அதையே திரும்ப இன்ஸ்டால் செய்யும் துணிச்சல் இல்லை. பொதுப் பயனர்களுக்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டன. உள்ளே வின்டோஸ் 11 அப்படியே இருக்கட்டும், கைக்குப் பழகியவை மட்டும் திரும்ப வரட்டும் என்று இறங்கினேன். சிஸ்டம் ஃபைல் எதையும் மாற்றுவதில்லை என்பது நானே போட்டுக்கொண்ட நிபந்தனை.

முதல் வேலை ரீஸ்டோர் பாயிண்ட், அதாவது ஏதாவது கெட்டுப்போனால் கணினியின் அமைப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவு. சிஸ்டம் புரொடெக்‌ஷன் அணைந்து கிடந்ததால், சி டிரைவுக்கு அதை ஆன் செய்த பிறகே பாயிண்ட் உருவாக்க முடிந்தது. இதைப் பார்க்காமல் மேலே போக வேண்டாம்.

செட்டிங்ஸிலேயே முடிகிற வேலைகள் சில உண்டு. டாஸ்க்பார் ஐகான்களை நடுவிலிருந்து இடது பக்கம் தள்ளினேன். ஒரே புரோகிராமின் விண்டோக்கள் ஒன்றாகக் குவியாமல் பெயரோடு தனித்தனியாக நிற்கும்படி வைத்தேன். 2021-இல் வின்டோஸ் 11 வந்தபோது இந்த வசதி கிடையாது, 2023-இல்தான் திரும்ப வந்தது. பாதி ஏக்கம் இதிலேயே தீர்ந்துவிட்டது.

ஸ்டார்ட் மெனுவுக்கு ஓப்பன் ஷெல். கிளாசிக் ஷெல் என்ற இலவச மென்பொருளின் வளர்ச்சி 2017 கடைசியில் நின்றபோது, வெளியிடப்பட்ட அதன் மூல நிரலிலிருந்து வேறு சிலர் தொடர்வது இது. இன்ஸ்டால் செய்யும்போது எக்ஸ்புளோரர் பார் மாதிரியான கூடுதல் பகுதிகளையும் சேர்த்துத் தரும். எனக்கு மெனு மட்டும் போதும், மற்றவற்றின் டிக்கை எடுத்துவிட்டேன். வின்டோஸ் 7 பாணியைத் தேர்ந்தெடுத்ததும், இடப்பக்கம் புரோகிராம்கள், வலப்பக்கம் கன்ட்ரோல் பேனல், டாக்குமென்ட்ஸ் என்று இரண்டு பத்தியும் வந்துவிட்டன. ஷிஃப்ட் கீயோடு வின்டோஸ் கீயை அழுத்தினால் வின்டோஸ் 11-இன் புது மெனுவும் திறக்கும். என் கணினியில் வேறு யாராவது உட்கார்ந்தால் அதுதான் கைகொடுக்கும்.

எனக்கு அதிகம் உறுத்தியது ரைட் கிளிக் மெனு. வேண்டியது பெரும்பாலும் 'மேலும் காட்டு' என்பதற்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும். இதற்கு, வின்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், நடப்புப் பயனருக்கான பகுதியில் 86சிஏ1ஏஏ0 என்று தொடங்கும் நீளமான பெயரில் ஒரு கீ (ஃபோல்டர் மாதிரியான ஒன்று), அதற்குள் இன்ப்ராக்சர்வர்32 என்று இன்னொரு கீ உருவாக்க வேண்டும். இதோடு விட்டால் எதுவும் மாறாது. உள்ளே இருக்கும் டிஃபால்ட் மதிப்புக்கு எதிரே 'மதிப்பு தரப்படவில்லை' என்று இருக்கும். அதை டபுள் கிளிக் செய்து, பெட்டியில் எதையும் எழுதாமல் ஓகே கொடுக்க வேண்டும். அந்த வாசகம் மறைந்து இடம் வெறுமையாகும். மதிப்பே இல்லாததும் மதிப்பு காலியாக இருப்பதும் கணினிக்கு வேறு வேறு. அப்புறம் டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை ரீஸ்டார்ட் செய்ததும் டாஸ்க்பார் ஒரு நொடி மறைந்து வந்தது. ரைட் கிளிக் செய்தால் பழைய நீள மெனு!

கண்ணாடி போன்ற ஏரோ தீமை மட்டும் விட்டுவிட்டேன். மைக்ரோசாஃப்ட் கையொப்பம் இல்லாத தீம் ஃபைலை வின்டோஸ் ஏற்காது. அந்தச் சோதனையைத் தாண்ட வைக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் ஓர் அழகுக்காக அவ்வளவு ஆழத்தில் கைவைக்க விருப்பமில்லை. டைட்டில் பாருக்கு வெளிர்நீலம் கொடுத்து, பழைய வால்பேப்பரைப் போட்டுக்கொண்டேன். தள்ளி நின்று பார்த்தால் ஏழு மாதிரிதான் இருக்கிறது.

பழைய ஒலிகளையும் கொண்டுவரலாம். முன்பு எடுத்து வைத்திருந்த வேவ் ஃபைல்களை சவுண்ட் பேனலில் ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். கணினி தொடங்கும்போது வரும் இசைக்கு மட்டும் அங்கே ஃபைல் தேர்ந்தெடுக்க இடமில்லை, ஒலிக்கவா வேண்டாமா என்ற டிக் மட்டுமே. அந்த இசை ஒரு சிஸ்டம் டிஎல்எல் ஃபைலுக்குள் புதைந்திருக்கிறது. நிபந்தனைப்படி அதைத் தொடவில்லை.

வருடாந்திரப் பெரிய அப்டேட் வரும்போது இத்தகைய மாற்றங்களில் சில கலைந்துபோக வாய்ப்புண்டு. அதற்காக அந்த ரெஜிஸ்ட்ரி கீயை எக்ஸ்போர்ட் செய்து, ஓப்பன் ஷெல் செட்டிங்ஸை அதன் பேக்கப் வசதி வழியாக ஒரு ஃபைலாகச் சேமித்து, இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். கலைந்தால் இரண்டையும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.