சுசீந்திரத்துக் கொதிநெய்

தவறை ஒப்புக்கொள்ள மறுப்பவனைப் பிடிவாதக்காரன் என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தப் பிடிவாதத்தில் பாதியையாவது சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்கள்தான் ஊட்டி வளர்க்கிறார்கள் என்பது என் எண்ணம்.

குமரி மாவட்டக் கல்குளம் பகுதியில் ஒரு எல்லைத் தகராறு. சர்வேயர் வந்து அளந்தபோது, ஒருவர் கட்டிய மதில் பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் இரண்டடி தள்ளி நிற்பது தெரிந்தது. மதில் எழும்பும் முன் இதே அளவைச் சொல்லியிருந்தால் மறுபேச்சின்றி ஏற்றிருப்பார்; கல்லும் சிமெண்டும் கூலியும் இறங்கிவிட்ட பிறகு, "சங்கிலிய இழுத்துப் பிடிக்கல்ல" என்று தொடங்கி, "சர்வேயரு காசு வாங்கியாச்சு" என்பதில் வந்து நின்றார். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. கனடாவின் வான்கூவர் குதிரைப் பந்தயத் திடலில் நாக்ஸ், இங்க்ஸ்டர் என்ற உளவியலாளர்கள் நடத்தி 1968இல் வெளியிட்ட ஆய்விலும் இதுவே தெரிந்தது: இரண்டு டாலர் கட்டி முடித்தவர்கள், கட்டுவதற்காக வரிசையில் நின்றவர்களைவிடத் தங்கள் குதிரை வெல்லும் என்று கூடுதலாக நம்பினார்கள். குதிரை அதே குதிரைதான். பணம் கைமாறியிருந்தது, அவ்வளவே.

ஆனால் மதில்காரருக்குப் பணம் மட்டுமே தடையாக இருக்கவில்லை. 'எனக்குத்தான் தெற்று', அதாவது தவறு என்னுடையதுதான், என்று அவர் சொல்லியிருந்தால், தேநீர்க் கடையில் அந்தச் சொல் அவர் பேரன் காலம்வரை ஓடும் என்பது அவருக்குத் தெரியும். சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலில் ஒரு காலத்தில் கைமுக்கு என்ற வழக்கம் இருந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கும் நெய்யில் கையை விட்டுத் தம்மைக் குற்றமற்றவர் என்று மெய்ப்பிக்க வேண்டும். ஒப்புக்கொண்டால் சாதி விலக்கு, மறுத்தால் நெய்ச்சட்டி என்றிருக்கும் இடத்தில் மனிதன் சட்டியையே துணிவான். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அந்த வழக்கம் ஒழிந்தது. ஒப்புக்கொள்பவனை ஒதுக்கும் குணம் நம்மிடம் அப்படியே இருக்கிறது.

அரசுகளும் இதில் வேறல்ல. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859இல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்று ஒரு வாலை ஒட்டவைத்துக்கொண்டது. சுசீந்திரம் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் மக்கள் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. பத்தாண்டு கழித்து, 1936 நவம்பர் 12 அன்று வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. விலக்கப்பட்டிருந்த சாதியினருக்கு அது கோவில் கதவைத் திறந்தது. ஆயினும் நம் சமயம் நூற்றாண்டுகளாகக் காலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது என்று அது பெருமையோடு பேசுகிறதே தவிர, அதுவரை வெளியே நிறுத்தியது தவறு என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. எங்கள் மதில்காரர் அதைப் படித்திருந்தால், மதிலை இரண்டடி தன் பக்கம் நகர்த்திவிட்டு, 'காலத்துக்கேற்ற மாற்றம்' என்று தலைநிமிர்ந்து சொல்லியிருப்பார். பக்கத்துத் தோப்புக்காரரும் அதற்குமேல் கேட்டிருக்க மாட்டார்.