பன்னிரண்டரை மணி

ஜூன் 3, 2025
ஜெர்மனியில் காலை ஒன்பது மணி என்றால் மார்த்தாண்டத்தில் பகல் பன்னிரண்டரை. வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் லைப்சிக் நிறுவனத்திலிருந்து இன்றும் மின்னஞ்சல் இல்லை.

ஜூன் 5
ஜெர்மானியர்கள் அயல்நாட்டுப் பட்டங்களைச் சரிபார்க்கும் அனாபின் தரவுத்தளத்தில், அண்ணா பல்கலைக்கழகம், சென்னை என்ற பெயருக்கு நேராக, அங்கீகரிக்கப்பட்டது என்ற பொருளில், ஹெச் பிளஸ் என்று இருக்கிறது. என் சான்றிதழில் சென்னை இல்லை. பல்கலைக்கழகத்தைப் பிரித்தபோது எங்கள் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகள் திருநெல்வேலி அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ்ப் போயின. 2012-இல் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். நான் சேர்ந்தது 2007, முடித்தது 2011. இப்போது இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை, நெல்லை எங்கே இருக்கிறது என்றே அறியாத ஓர் அதிகாரி திரையில் தேடிப் பார்த்துவிட்டு என்ன முடிவெடுப்பார் என்ற எண்ணம், இரவு இரண்டு மணி வரை என்னை உறங்கவிடவில்லை.

ஜூன் 7
மாமாவின் வற்புறுத்தலால் நாகர்கோவிலில் ஒரு ஏஜென்டைப் பார்த்தோம். மூன்றரை லட்சம் கேட்டார். சான்றிதழைப் புரட்டிப் பார்த்து, "இந்தப் பேரு சிக்கல்தான் சார், சென்னைப் பேருல வேற ஒண்ணு எடுத்துக்கலாம்" என்றார், புகைப்படத்துக்குச் சட்டம் மாற்றித் தருவதைப் போல. அசல்களைத் திரும்ப வாங்கிப் பையில் வைக்கும் வரை என் கை நடுங்கியது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. வீட்டுக்கு வந்து, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டுகளைப் பதிவு செய்யும் அரசின் இ-மைக்ரேட் தளத்தின் பட்டியலில் தேடினேன். அவர் பெயர் அதில் இல்லை.

அப்பா திண்ணையிலிருந்து, "விளையை வச்சாவது பாப்போம் மக்ளே" என்றார். நாற்பது ஆண்டுகளாக அவர் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய ரப்பர் தோட்டம் அது. வேண்டாம் என்று சொன்னபோது என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 9
நேற்று பெந்தெகோஸ்து. மறுநாளான திங்களும் ஜெர்மனியில் விடுமுறை என்பது பன்னிரண்டரை தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஜூன் 12
நேர்முகம் ஐம்பது நிமிடம் நடந்தது. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் பதினொரு ஆண்டுகள் செய்த மென்பொருள் தானியங்கிச் சோதனை வேலையைப் பற்றியே கேட்டார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

ஜூன் 13
மழை. பால் வெட்டு இல்லை.

ஜூன் 18
ஆண்டுக்கு 46,000 யூரோ தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்! இந்த ஆண்டு எங்கள் தொழிலுக்கு, அங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதியான புளூ கார்டு பெறக் குறைந்தபட்ச ஊதியம் 43,759 யூரோ 80 சென்ட் என்பதால் அந்தப் பக்கம் கவலை இல்லை. பட்டம் இல்லாவிட்டாலும், கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்று ஆண்டு தக்க அனுபவம் இருந்தால் கணினித் துறையினருக்குப் புளூ கார்டு தரலாம் என்று 2023 நவம்பரிலிருந்து விதி இருக்கிறது. ஆயினும் நான் படித்தவன். படிக்காதவனாக விண்ணப்பிக்க மனம் வரவில்லை. அது வீம்புதானா என்று மனைவி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தத் தாளுக்காக அப்பா ரப்பர் ஷீட் விற்றுக் கட்டிய எட்டுப் பருவக் கட்டணமும் எனக்கு நினைவிருக்கிறது.

ஜூன் 20
பட்டத்தைத் தனியாக மதிப்பிட்டு அறிக்கை வாங்க 208 யூரோ. நம் பணத்தில் இருபதாயிரத்துக்கு மேல். விண்ணப்பிக்கத் தீர்மானித்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன். "பேரு மாறினா படிப்பு மாறுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 23
திருநெல்வேலி என்ற சொல் தெளிவாகத் தெரியும்படி சான்றிதழை மூன்று முறை ஸ்கேன் செய்தேன்.

ஜூன் 24
மதிப்பெண் பட்டியல்களை அடுக்கினேன். ஆறாம் பருவத்துடையது பெட்டியில் இல்லை. அம்மா பரண் மேல் தேடுகிறாள்.