சென்னை டிசம்பரில் லின்சர் ஜாம் குக்கி

கிறிஸ்துமஸ் தட்டில் கல்கல், அச்சு முறுக்கு, அதிரசம், பிளம் கேக் எல்லாம் வழக்கம்போல வரட்டும், கூடவே ஒரு ஜாம் குக்கியும் இருக்கட்டும் என்று இந்த முறை லின்சர் குக்கியில் இறங்கினேன். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்துப் பெயரில் ஒரு ஜாம் டார்ட் உண்டு. அதன் செய்முறை 1653-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியிலேயே இருக்கிறது. அந்த டார்ட்டின் குட்டி வாரிசுதான் இந்தக் குக்கி. பாதாம் கலந்த இரண்டு மெல்லிய வில்லைகள், நடுவில் ஜாம், மேல் வில்லையில் மட்டும் ஒரு ஓட்டை.

இதன் மாவு ஷார்ட்பிரெட் வகை, அதாவது வெண்ணெய் நிறையப் போட்டு வாயில் உதிரும் பிஸ்கட். அந்தக் கணக்கு சுலபமானது. எடையில் சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மாவு மூன்று. லின்சரில் பலர் மஞ்சள் கரு சேர்ப்பார்கள், நான் சேர்க்கவில்லை. முட்டை இல்லாவிட்டால் மாடி வீட்டு மாமிக்கும் யோசிக்காமல் கொடுக்கலாம். நான் எடுத்தது மைதா 180 கிராம், பாதாம் பொடி 60, உப்பில்லாத வெண்ணெய் 150, பொடித்த சர்க்கரை 80, அரை டீஸ்பூன் பட்டைப் பொடி, ஒரு கிராம்பு தட்டியது, எலுமிச்சைத் தோல் துருவல், ஒரு சிட்டிகை உப்பு. பாதாமிலேயே எண்ணெய் இருப்பதால் வெண்ணெயில் 10 கிராம் குறைத்தேன். பாதாமைத் தோலோடு, ஒரு கரண்டி மைதாவும் சேர்த்து, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டினேன். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிக் கட்டிக்கொள்ளும்.

அளவெல்லாம் யாருக்கும் வரும். நம் ஊரில் வெண்ணெயைச் சமாளிப்பதுதான் வேலை. 'அறை வெப்பத்தில் இருக்கும் வெண்ணெய்' என்று எல்லாச் செய்முறையும் சொல்கிறது. அவர்கள் சொல்லும் அறை 20 டிகிரி. ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் ஓடிக்கொண்டிருக்கும் சென்னைச் சமையலறை டிசம்பரிலும் 29-க்குக் குறையாது. வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர். இளகி ஓடினால் அந்தத் தண்ணீர் பிரிந்து மைதாவோடு சேர்ந்து இழுவையைக் கொடுக்கும், குக்கி கடிக்கக் கடினமாகும். அதோடு வெட்டிய வடிவமும் ஓவனில் பரவிவிடும். அதனால் வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்து நுரைக்கிற வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக்கி, புட்டுக்குப் பிசறுவதுபோல விரல் நுனியால் மாவில் பிசறினேன். உள்ளங்கை படவே கூடாது. கையில் பிடித்தால் சேரும், விட்டால் உதிரும் என்ற பதம் வந்ததும் திரட்டி நிறுத்திக்கொண்டேன்.

அடுத்து இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து 4 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, பேப்பரோடு தட்டில் வைத்து ஃப்ரீசரில் 15 நிமிடம். அட்டை மாதிரி விறைத்த பிறகுதான் வெட்டினேன். வெளி வட்டத்துக்கு டம்ளர் வாய், உள் ஓட்டைக்கு, கேக்கில் க்ரீம் பிழியும் ஐசிங் நாசிலின் அடிப்பக்கம். ஓட்டை போட்ட வளையங்களைத் தூக்குவதுதான் நிஜமான சோதனை. குளிர்ச்சி போனால் விரல் பட்ட இடத்தில் நீண்டு முட்டை வடிவத்துக்குப் போய்விடும். மெல்லிய தோசைத் திருப்பியை அடியில் நழுவவிட்டு, அப்படியே ட்ரேயில் இறக்கினால் வட்டம் வட்டமாகவே இருக்கிறது. இதற்காக விற்கும் கருவி எதுவும் தேவையில்லை என்பது என் கட்சி.

170 டிகிரி, மேல் கீழ் இரண்டு ராடும், 12 நிமிடம். என் ஓடிஜியில் பின்பக்கம் சூடு அதிகம், பாதியில் ட்ரேயைத் திருப்பி வைக்க வேண்டும். ஓரம் லேசாக நிறம் மாறினால் போதும், நடுப்பகுதி வெளிறித்தான் இருக்கும். தொட்டால் மெத்தென்று இருக்கிறதே என்று திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். பத்து நிமிடம் ட்ரேயிலேயே ஆறினால் இறுகிவிடும். வளையங்கள் முழு வில்லைகளைவிடச் சீக்கிரம் சிவக்கும், ஆகவே அவற்றைத் தனி ட்ரேயில் வைப்பது நல்லது.

ஜாமுக்கு ஆஸ்திரியாவில் புளிப்பான ரெட்கரன்ட் பழம். இங்கே அதற்கு எங்கே போவது? கடையில் கிடைக்கும் மிக்ஸ்ட் ஃப்ரூட் ஜாமில் வெறும் இனிப்புதான் தூக்கலாக இருக்கிறது. ஆயக்குடிக் கொய்யா என்று கூவி விற்ற வண்டியில் சிவப்புச் சதை உள்ளதாகக் கேட்டு வாங்கினேன். ஜாமை உறையவைக்கும் பெக்டின் கொய்யாவிலேயே நிறைய, தானாகவே உறையும். குறைவது புளிப்பு மட்டும்தான், அதை எலுமிச்சை பார்த்துக்கொள்ளும். வேகவைத்து மசித்து, விதை போக சல்லடையில் தேய்த்ததில் விழுது 500 கிராம் வந்தது. சர்க்கரை 350, இரண்டு எலுமிச்சையின் சாறு. அடிகனமான பாத்திரத்தில் கிளறும்போது கொதி தெறித்தது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். அதுதான் பதம். வெதுவெதுப்பாக இருக்கும்போதே முழு வில்லையில் தடவி மூடினால், ஆறியதும் இரண்டும் பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்கின்றன.

இதே மாவில் மைதாவை 30 கிராம் குறைத்து அரிசி மாவு போட்டும் பார்த்தேன். ஸ்காட்லாந்தில் ஷார்ட்பிரெட்டுக்கு அரிசி மாவு சேர்ப்பது பழைய வழக்கம்தான். நல்ல மொறுமொறுப்பு, எனக்கு லின்சரைவிட அதுவே பிடித்தது. ஆனால் வளையமாக வெட்டினால் உடைகிறது. அதை உருண்டையாக்கி, கட்டை விரலால் குழித்து, குழியில் ஜாம் வைத்துச் சுடத்தான் லாயக்கு. கெட்டியான கொய்யா ஜாம் பொங்கி வழியாமல் குழியிலேயே நின்றது.

இனி மழைக்கால ஈரம். ஆஸ்திரியாவில் லின்சரை ஜாம் தடவி டப்பாவில் சில நாள் ஊறவிட்டுத்தான் சாப்பிடுவார்களாம், வில்லை பதமாக இளகும் என்று. இங்கே ஒரே ராத்திரியில் இளகிவிட்டது. ஊறின குக்கி வீட்டில் பெரியவர்களுக்குப் பிடித்தது, பிள்ளைகள் தொடவில்லை. மேலே தூவிய ஐசிங் சர்க்கரையும் காலைக்குள் கரைந்து காணாமல் போய்விட்டது. ஆகவே வில்லைகளைக் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவிலும் ஜாமைப் பாட்டிலிலும் தனித்தனியாக வைத்துவிட்டேன். 24-ஆம் தேதி ராத்திரி ஆராதனைக்குக் கிளம்பும் முன் ஜாம் தடவி மூடுவேன், சர்க்கரை மறுநாள் தட்டு அடுக்கும்போதுதான். கொய்யா ஜாம் இன்னும் அரை பாட்டில் மீதி இருக்கிறது, தோசைக்கு நன்றாகவே இருக்கிறது.