ஒற்றைச் சாவியோடு வந்த கார்

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு பழைய கார் வாங்கினேன். 2014 மாடல், பெட்ரோல், இரண்டு ஓனர் கைமாறியது. ஆடியில் வண்டி எடுக்காதே என்று அம்மா சொன்னார். ஆடியில்தான் பழைய கார் வாங்கி விற்கும் கன்சல்டிங்காரர்கள் விலை இறங்கி வருவார்கள் என்பது என் கணக்கு. இறங்கியும் வந்தார். டயரைப் பார்த்தேன், இன்ஜின் சத்தத்தைக் கேட்டேன், தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய் அடியில் படுத்துப் பார்க்கச் சொன்னேன். சாவி மட்டும் ஒன்றுதான் கொடுத்தார்.

"இன்னொன்னு பார்ட்டி தொலைச்சுட்டாராம் சார். வெளிய போட்டுக்கலாம், இருநூறு ரூபா" என்றார். இருநூறு ரூபாய்க்கு யார் பேரம் பேசுவார்? சரி என்று எடுத்து வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரிடம் டூப்ளிகேட் போட்டேன். 180 ரூபாய். சுத்தமாக வெட்டிக் கொடுத்தார். கதவு திறந்தது. டிக்கி திறந்தது. ஸ்டியரிங் லாக்கும் விடுபட்டது. செல்ஃப் அடித்ததும் இன்ஜின் பிடித்தது, பிடித்த கையோடு அணைந்தது. மறுபடி அடித்தேன். ஒரு நொடி, இரண்டு நொடி, அவ்வளவுதான். பெட்ரோல் பம்ப் போய்விட்டதோ என்று வயிற்றைக் கலக்கியது. பழைய சாவியைப் போட்டால் ஒரே செல்ஃபில் ஓடுகிறது. மீட்டரில் கார் படத்துக்குள் சாவி வரைந்த மாதிரி ஒரு விளக்கு மினுக்குவதை நான்காவது தடவைதான் கவனித்தேன்.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். சிரித்தார். "அது சென்சார் கீ சார். இரும்ப மட்டும் வெட்டினா ஓடாது."

சென்சார் என்று எல்லாரும் சொன்னாலும் அது சென்சார் இல்லை. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்னக் கறுப்புச் சில்லு இருக்கிறது. என் சாவியில் இருந்தது அளவிலும் நிறத்திலும் அச்சு அசல் சீத்தாப்பழக் கொட்டை. அதற்கு பேட்டரி கிடையாது. சாவி போடும் ஓட்டையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் வளையம் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்த வளையம் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓர் அலையை விடும். அந்த அலையிலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். வண்டி ஓர் எண்ணை அனுப்பும். தன்னிடம் உள்ள ரகசிய எண்ணை வைத்து சில்லு கணக்குப் போட்டு விடை சொல்லும். விடை சரி என்றால் இன்ஜினை ஆளும் ஈ.சி.எம். என்ற சின்னக் கணினி பெட்ரோலை விடும். தப்பு என்றால் நிறுத்திவிடும். ஒவ்வொரு தடவையும் வேறு எண் வரும் என்பதால் பழைய விடையை ஒப்பித்தால் செல்லாது. இந்த மொத்த ஏற்பாட்டுக்குத்தான் இம்மோபிலைசர் என்று பெயர்.

நம்பிக்கை வராமல் ஒரு சோதனை செய்து பார்த்தேன். சமையலறையில் இருந்த அலுமினியத் தாளை எடுத்து, நல்ல சாவியின் தலையில் நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றி ஸ்டார்ட் செய்தேன். பிடித்து அணைந்தது. தாளைப் பிரித்தேன், ஓடியது. எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார், எதுவும் கேட்கவில்லை.

பூட்டவும் திறக்கவும் அமுக்கும் ரிமோட் பொத்தான் வேறு சமாச்சாரம். அது 433 மெகாஹெர்ட்ஸில் பேசுவது, அதற்குத்தான் சி.ஆர்.2032 போன்ற வட்ட பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் பொத்தான் வேலை செய்யாது; ஆனால் சாவியைப் போட்டுத் திருப்பினால் வண்டி ஓடும். இது தெரியாமல் ரிமோட் மங்கியதும் சாவியே போச்சு என்று புதுச் சாவிக்குப் பணம் கட்டியவர் என் அலுவலகத்திலேயே உண்டு. இன்னொருவர் சாவிக் கூடு தேய்ந்துவிட்டது என்று ஆன்லைனில் புதுக் கூடு வாங்கி மாற்றி, பழைய கூட்டைச் சீத்தாக் கொட்டையோடு குப்பையில் போட்டார். மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துப் போனார்கள்.

ஒரு சாவி போதுமே, கவனமாக வைத்துக்கொண்டால் ஆயிற்று என்று விட்டிருப்பேன். விடாதது என் மனைவியின் தம்பி. அவன் இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

"வண்டி திருடு போச்சுன்னு கிளெய்ம் போட்டா முதல்ல ரெண்டு சாவியும் கேப்பாங்க மாமா. ஒண்ணுதான் இருக்குன்னா ஆயிரம் கேள்வி வரும். சாவிய வண்டியிலேயே விட்டுட்டுப் போனீங்களான்னு ஆரம்பிப்பாங்க."

டெலிவரி நோட்டில் தேதி மட்டுமில்லை, மணி எத்தனை என்பது வரை எழுதியிருந்தோம். எத்தனை சாவி கைமாறியது என்று எழுதவில்லை. அவன் வற்புறுத்தலில் கன்சல்டிங்காரரிடம் திரும்பப் போய் 'ஒரு சாவி மட்டுமே கொடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். மனிதர் முகம் சுளிக்காமல் போட்டுக் கொடுத்தார், அதைச் சொல்ல வேண்டும். நானே தொலைத்திருந்தால் போலீஸில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரியப்படுத்தி வைத்திருக்க வேண்டுமாம்.

அடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டர். சேஸிஸ் நம்பரை அனுப்பி ஆர்டர் போட்டால் வெட்டிய சாவியே வரும், இரண்டு வாரம் ஆகும், புரோகிராம் கூலியோடு 9,800 ரூபாய் என்றார்கள். ஆர்.சி.யும் ஆதாரும் கேட்டார்கள். ஆர்.சி. அப்போது பெயர் மாற்றத்துக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருந்தது. படிவம் 29, 30 நகல்களைக் காட்டினேன். "உங்க பேருக்கு வரட்டும் சார், அப்புறம் வாங்க" என்று முடித்துவிட்டார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நகலைக் காட்டுகிறவனுக்கெல்லாம் சாவி கொடுத்தால் அப்புறம் இம்மோபிலைசர் எதற்கு?

ஆர்.சி. வந்ததும் 9,800 மனதை அறுத்தது. மெக்கானிக் சொல்லி சென்னை ஜி.பி. ரோடு பக்கம் ஒரு கார் சாவிக் கடைக்குப் போனேன். அவரும் முதலில் ஆர்.சி.யையும் லைசென்ஸையும் வாங்கி போட்டோ எடுத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அங்கேதான். என் சாவியை ஒரு சின்ன மெஷினின் வளையத்தில் வைத்துப் பார்த்து "நாப்பத்தாறு" என்றார். சில்லின் ரகம் அது. தயாரித்த கம்பெனி அதற்கு வைத்த பெயர் ஹிட்டாக்-2.

இரண்டு வழி சொன்னார். ஒன்று குளோன்: இருக்கிற சாவியின் எண்ணை வெற்றுச் சில்லில் அப்படியே ஏற்றுவது. வண்டிக்கு இரண்டும் ஒரே சாவிதான், வித்தியாசம் தெரியாது. இந்த ரகத்தில் அது முடிவதற்குக் காரணம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். வண்டி சாவியிடம் பேசுவதைப் பதிவு செய்து ரகசிய எண்ணை ஆறு நிமிடத்துக்குள் கறந்துவிடலாம் என்று 2012இலேயே ஐரோப்பிய ஆய்வாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள். இன்னொரு வழி புரோகிராம்: புதுச் சில்லை வண்டியின் நினைவில் புதிதாகப் பதிவது. அதற்கு இந்த வண்டிக்கே உரிய ஆறு இலக்க ரகசிய 'பின்' நம்பர் வேண்டும். குளோன் 2,000, புரோகிராம் 4,500.

குளோனே போதும் என்றுதான் இருந்தேன். அவர் எதற்கும் பார்ப்போம் என்று ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். திரையைப் படித்துவிட்டுத் திரும்பிக் கேட்டார்:

"எத்தனை சாவி சார் வச்சிருக்கீங்க?"

"ஒண்ணு."

"வண்டியில மூணு பதிஞ்சிருக்கு."

ஒன்று என் கையில். ஒன்றைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னார்கள். மூன்றாவது சாவி? இரண்டு ஓனர், நடுவில் எத்தனை டிரைவர்களோ, எத்தனை மெக்கானிக் ஷெட்டோ. யாரோ ஒருவர் அதை வைத்துக்கொண்டு எந்த ராத்திரியும் என் வீட்டு வாசலில் இருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம். கண்ணாடியை உடைக்கக்கூட வேண்டாம்.

அந்த நிமிடத்தில் 4,500க்கு மாறினேன். என் வண்டி ரகத்தில் புதிதாகப் பதிய ஆரம்பித்தால் பழைய பட்டியல் மொத்தமும் அழிந்துவிடும். வேண்டிய சாவிகளையெல்லாம் அதே உட்காரலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பதிய வேண்டும். எல்லா வண்டியும் இப்படி இல்லையாம், சிலதில் பழையதை அழிக்காமலே புதுசு சேரும், அதனால் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்றார். பின் நம்பரை நிதானமாக அடித்தார். திரும்பத் திரும்பத் தப்பாக அடித்தால் கொஞ்ச நேரத்துக்கு வண்டி எந்த நம்பரையும் ஏற்காது. முதலில் பழைய சாவி, அடுத்து புதுசு. ரிமோட் பொத்தானுக்குத் தனியாக ஒரு சுற்று. முக்கால் மணி நேரத்தில் திரை இரண்டு என்று காட்டியது.

காத்திருந்தபோது இன்னொருவர் வந்தார். இருந்த ஒரே சாவியும் தொலைந்த கதை. புதுப்பேட்டையில் பழைய ஈ.சி.எம். வாங்கிப் போட்டிருக்கிறார், அது தன் பழைய வண்டியின் சாவியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது. "இம்மோவ ஆஃப் பண்ணிக் குடுங்க" என்று கேட்டார். கடைக்காரர் முடியாது என்றார். காசு மிச்சம் என்று அதைச் செய்கிறவர்கள் உண்டு. செய்தால் என் 180 ரூபாய் சாவி மாதிரி சில்லு இல்லாமல் வெட்டிய சாவியே அந்த வண்டிக்குப் போதும்.

கிளம்பும்போது இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்தேன். அவர் தடுத்தார். இரண்டு சில்லும் பக்கத்தில் இருந்தால் சில நேரம் எதைப் படிப்பது என்று வளையம் குழம்பிவிடுமாம்.

தை மாதம் கன்சல்டிங்காரர் போன் செய்தார். முதல் ஓனர் வீடு மாற்றும்போது சாமி அலமாரியில் சாவி கிடைத்ததாம், கொடுத்தனுப்பியிருக்கிறார். போய் வாங்கிவந்து போட்டுப் பார்த்தேன். கதவு திறந்தது. செல்ஃப் அடித்ததும் இன்ஜின் பிடித்தது. ஒரு நொடி, இரண்டு நொடி, அணைந்தது. மீட்டரில் அந்த விளக்கு மினுக்கியது.

மூன்றாவது இன்னும் எங்கேயோ இருக்கிறது. வண்டியை ஓட்ட முடியாது, ஆனால் கதவைத் திறக்கும். அதனால் காரில் லேப்டாப்பை விட்டுவிட்டு இறங்குவதில்லை.