பொத்தான் ஏன் மங்கியது?

செவிலியர் கல்லூரி ஒன்றில் முதலாமாண்டு மாணவியருக்கு உடற்கூறியலும் உடலியங்கியலும் நடத்துகிறேன். 2020 மார்ச் கடைசி வாரத்தில் ஊரடங்கு வந்தபோது எலும்புக்கூடும், கழற்றி மாட்டும் இதய மாதிரியும் பூட்டிய ஆய்வகத்துக்குள் இருந்தன; நான் வீட்டில் ஒரு பழைய மடிக்கணினியின் முன் இருந்தேன். முதல் மூன்று வாரம் படங்களைத் திரையில் ஓட்டி, அவற்றுக்குக் கீழே இருந்ததை வாசித்துக் காட்டினேன். அதைப் பாடம் நடத்தியது என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதன் பிறகுதான், மாணவியர் தாமே தொட்டு இயக்கிப் பார்க்கக்கூடிய கருவிகளைத் தேடத் தொடங்கினேன். வகுப்பறை திரும்பிவிட்ட இன்றும் வாரம் ஒரு மாலை இணையவழி வகுப்பை விடாமல் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் எல்லாவற்றையும் நடத்துவதில்லை.

நரம்பணுவின் செயல்மின்னழுத்தம், அதாவது நரம்பு வழியே செய்தியைக் கொண்டு ஓடும் மின் அலை, எங்கள் பாடத்தில் பலரும் மனப்பாடம் செய்தே கடக்கும் பகுதி. ஓய்வில் உட்புறம் ஏறத்தாழ -70 மில்லிவோல்ட். செல்சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் திறந்ததும் +30 வரை ஏற்றம். பொட்டாசியம் வெளியேற மீண்டும் இறக்கம். புத்தகத்தில் இது மலைபோன்ற ஒரு கோடு. மாணவியர் அந்த மலையை அழகாக வரைந்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஏறும்போது எது உள்ளே போனது என்று கேட்டால் பாதிப் பேர் தடுமாறுவார்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய 'ஃபெட்' திட்டத்தில், நரம்பணுவுக்கென்றே ஒரு இலவசச் சிமுலேஷன், அதாவது திரையில் இயக்கிப் பார்க்கும் மாதிரி, இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் அலை ஓடிவருகிறது, வாயில்கள் திறக்கின்றன, அயனிகள் பாய்கின்றன. நிறுத்தலாம், மெதுவாக ஓட்டலாம். ஒரே கோப்பாக இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும் என்பதால், முந்தைய இரவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். டேட்டா தீர்ந்துபோகும் வீடுகளில் இது பெரிய உதவி.

முதல் முறை இதைக் கொடுத்த அன்று, பத்து நிமிடத்துக்குள் புகார் வந்தது. "மேடம், பட்டன் வேலை செய்யல, நெட் ஸ்லோவா இருக்கு" என்றாள் ஒருத்தி. எனக்கும் அப்படித்தான் என்று வேறு சிலரும் எழுதினார்கள். ஒரு அலை ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பொத்தான் மங்கி, எத்தனை முறை தட்டினாலும் அசையாமல் இருக்கும். இணையத்தில் ஒரு கோளாறும் இல்லை. சோடியம் வாயில்கள் ஒருமுறை திறந்து அடைத்துக்கொண்ட பின், சிறிது நேரத்துக்கு எந்தத் தூண்டலுக்கும் திறக்காது என்னும் ரிஃப்ராக்டரி காலத்தை, நான் ஒரு வார்த்தையும் சொல்லாமலே அவர்கள் விரல் நுனியில் எரிச்சலோடு உணர்ந்திருந்தார்கள். கருவி மறைப்பதையும் அன்றே சொல்லிவிட்டேன்: உண்மையான நரம்பணுவில் அதை அடுத்து வரும் சிறிது நேரத்தில், வழக்கத்தைவிட வலுவான தூண்டல் கொடுத்தால் இரண்டாவது அலை எழக்கூடும், இந்தச் சிமுலேஷனில் தூண்டலின் அளவை மாற்ற வழியில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பொத்தானைத் தொடுவதற்கு முன், என்ன நடக்கும் என்பதை ஒரு வரியில் எழுதி அனுப்பிவிட வேண்டும். 'ஒரு அலை முடிந்ததும் செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் சோடியத்தின் செறிவு என்ன ஆகும்?' என்று கேட்டால், சமமாகிவிடும் என்றுதான் பெரும்பாலோர் எழுதுகிறார்கள். பிறகு செறிவுகளைக் காட்டும் கட்டத்தைத் திறந்து ஓட்டிப் பார்த்தால், அந்த எண்கள் சமமாவதற்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. மின்னழுத்தம் தலைகீழாக மிகச் சில அயனிகளே போதும். முன்கூட்டி எழுதாதவள் இதே காட்சியைப் பார்த்துவிட்டு 'நன்றாக இருக்கிறது மேடம்' என்று நகர்ந்துவிடுகிறாள். எழுதியவள் ஏன் என்று கேட்கிறாள்.

உடற்கூறியலில் கதை வேறு. செல்பேசிச் செயலியில் உள்ள முப்பரிமாண மாதிரியில் பிட்டத்தின் பெரிய தசையை ஒரு தட்டில் உரித்து எடுத்தால், பிரிஃபார்மிஸ் தசைக்குக் கீழிருந்து காலுக்குச் செல்லும் சயாட்டிக் நரம்பு தடிமனாக இறங்குவது தெரியும். ஊசி போடும்போது அந்த இடத்துக்கு ஏன் அஞ்சுகிறோம் என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். சரி, பாதுகாப்பான பக்கவாட்டு இடத்தை ஒரு மனித உடலில் காட்டு என்றேன். மாதிரியை மிகத் திறமையாகச் சுழற்றிய மாணவி, தண்ணீர்க் குடத்தில் செல்பேசியைச் சாய்த்து வைத்து, தன் அம்மாவைப் பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். உள்ளங்கையைத் தொடையெலும்பின் மேல்முனைப் புடைப்பின்மீது வைத்து, ஆள்காட்டி விரலை இடுப்பெலும்பின் முன்முனைக்கு நீட்டி, நடுவிரலை அதன் விளிம்போடு பின்னோக்கி விரிக்க வேண்டும்; அந்த இரண்டு விரல்களுக்கும் இடைப்பட்ட இடம்தான் ஊசிக்குரியது. "எலும்பே கிடைக்கல மேடம், சதைதான் இருக்கு" என்றாள். அம்மாவின் காலை உள்ளும் வெளியுமாகத் திருப்பச் சொன்னேன். உள்ளங்கைக்கு அடியில் ஏதோ உருண்டதும் அவள் முகம் மாறியது. "நிஜமாவே ஊசி போடப் போறியாடி?" என்று அம்மா கேட்டது ஒலிவாங்கியில் எல்லோருக்கும் கேட்டது.

உடலைக் காலத்தில் ஓடவிட்டுக் காட்டுவது திரைக்குக் கைவந்த வேலை. பிணத்தாலும் பிளாஸ்டிக் மாதிரியாலும் அது முடியாது. கைக்கு எதிர்ப்புக் கொடுப்பது திரையால் ஆகாது. உடலியங்கியலை மாலை வகுப்பில் வைத்துக்கொண்டு, உடற்கூறியலை ஆய்வகத்துக்கே திருப்பிக் கொண்டுபோனதற்கு இதுவே காரணம்.

இன்னொரு தயக்கமும் உண்டு. மாதிரியில் இருப்பது ஒரே ஒரு உடல். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் விசிபிள் ஹியூமன் திட்டம் 1994-இல் வெளியிட்ட ஆண் உடல், டெக்சாஸில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒருவருடையது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சீவிப் படமெடுத்த அந்தப் புகழ்பெற்ற உடலில் குடல்வால் இல்லை, முன்பே அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். என் மாணவியரைக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டை மடக்கச் சொல்வேன். பால்மாரிஸ் லாங்கஸ் என்னும் முன்கைத் தசையின் நாண் நடுவில் கயிறுபோல எழும்பும். சிலருக்கு எழும்பாது, பிறவியிலேயே அந்தத் தசை இருக்காது. போன வாரம் ஒருத்தி இரண்டு கைகளையும் கேமரா முன் நீட்டி, ஒன்றில் இருக்கிறது, ஒன்றில் இல்லை என்று காட்டினாள். செயலியில் இருந்த கைகள் இரண்டிலும் அது இருந்தது.